மாரிக்கு முன் மைதானம்: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் விளையாட்டுக் கழகங்களில் இருந்தும் பாடசாலைகளில் இருந்தும் வந்த கேள்விகளில், மைதானம், பூங்கா பராமரிப்புத் தொடர்பானவற்றை இம்முறை சேர்த்துத் தருகிறோம். இந்தக் கடிதங்களில் அதிகமானவை மாரி முடிந்து மைதானம் சேறாகிக் கிடந்தபோது எழுதப்பட்டவை. அவற்றுக்கான வேலை ஆவணியிலும் புரட்டாசியிலும் இருக்கிறது. அதனால் இப்போதே அச்சேற்றுகிறோம்.

எங்கள் உதைபந்தாட்ட மைதானத்தின் இரண்டு கோல் வாசலிலும் கார்த்திகை தொடங்கித் தை வரை தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் சிரமதானம் வைத்து, இரண்டு பெட்டி கிரவல் கொட்டி, ரோட் ரோலரால் அழுத்துகிறோம். அடுத்த மாரிக்கு நிலைமை இன்னும் மோசமாகிறது. என்ன பிழை?
– கழகச் செயலாளர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

கிரவலும் ரோலரும்தான் பிழை. உங்கள் பக்கத்து நிலம் மணல். மணலில் விழும் மழை சில நிமிடத்தில் கீழே இறங்கிவிடும். அதன் மேல் களிப்பிடிப்புள்ள கிரவலைக் கொட்டி, பல தொன் எடையுள்ள ரோலரை ஓட்டினால், மணலுக்கு மேல் ஒரு மூடி போட்டதாகிவிடும். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். அந்தச் சேற்றில் விளையாடும்போது கால்கள் மூடியை இன்னும் இறுக்கும். அடுத்த வருடம் கொட்டும் கிரவல் மூடியின் தடிப்பைக் கூட்டுவதோடு சரி.

ஆனால் எல்லாக் குட்டைக்கும் இதே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் நிற்கும் நாளில், குட்டையின் விளிம்பில் இருந்து நாலைந்து அடி தள்ளி, அலவாங்கால் 2 அடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு தோண்டிப் பாருங்கள். மேலே 4 முதல் 6 அங்குலம் வரை அலவாங்கு இறங்க மறுத்து, அதற்குக் கீழே பொலபொலவென்ற மணல் வந்தால், காரணம் இறுகிய மூடிதான். கிடங்கில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கண் முன்னே குறையும். அப்படியில்லாமல், தோண்டிய கிடங்கின் அடியில் இருந்தே தண்ணீர் ஊறி அரை மணித்தியாலத்தில் மேலே வந்தால், அது நிலத்தடி நீர்மட்டம். பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் அதே மட்டம் தெரியும்.

மூடி என்றால் ஆவணியில் அதை முழுதாகக் கிளறி அகற்றுங்கள். கோல் வாசலில் பொதுவாகக் கெடுவது 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் உள்ள ஒரு துண்டு. அதில் 15 சென்ரிமீற்றர் ஆழம் எடுத்தால் 9 கன மீற்றர், அதாவது 3 கியூபுக்குச் சற்று மேல் மண் வெளியே போகும். அதே அளவு உள்ளே வரவேண்டும். வரும் மண் சுற்றியுள்ள மைதான மண்ணைப் போன்றதாக இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேறு வகை மண் இரண்டு சந்திக்கும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும். 4 பங்கு ஆற்று மணலுக்கு 1 பங்கு நன்றாக உக்கிய எரு கலந்தால் போதும். அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலையே எடுங்கள். கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, அதன் உப்பும் புல்லைக் கொல்லும். நிரப்பும் முன் அடித்தளத்தை அலவாங்கால் குத்தித் தளர்த்திவிடுங்கள். நிரப்பியபின் தண்ணீர் விட்டு, காலால் மிதித்து, சுற்றுமட்டத்தை விட 1 அங்குலம் உயரமாக விடுங்கள். முதல் மழையில் அது படிந்து சமமாகும்.

நிலத்தடி நீர் என்றால் குத்தினாலும் கிளறினாலும் பயனில்லை. மைதானத்தின் ஓரக் கான்களைத் திறந்து, தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்ற வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கான் வாவியில் போய் விழுகிறது என்றால், கடலுக்கு முகத்துவாரம் வெட்டித் திறக்கப்படும் வரை மாரியில் வாவி மட்டம் உயர்ந்தே நிற்கும். கான் வழியாகத் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். அப்படிப்பட்ட மைதானத்தைக் காப்பாற்றுவது சாய்வுதான். நடுக்கோட்டில் இருந்து இரு பக்கக் கோடுகளுக்கும் 100க்கு 1 என்ற சரிவு வேண்டும். 68 மீற்றர் அகல மைதானத்தில் நடு முதுகு ஓரத்தை விட 34 சென்ரிமீற்றர் உயரமாக இருக்கும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் ரியூப்பாலேயே இதை அளக்கலாம். ஒரே வருடத்தில் இதைச் செய்து முடிக்க முடியாது. வருடம் ஒரு பாகமாக, நடுவில் இருந்து ஓரம் நோக்கி உயர்த்தி வாருங்கள்.

ரோலரைப் பற்றி ஒரு சொல். புல் மைதானத்துக்கு 250 முதல் 500 கிலோ வரையுள்ள கையுருளை போதும். அதுவும் மண் ஈரப்பதமாக இருக்கும்போது மட்டும், வருடத்தில் ஓரிரு தடவை. வீதி போடும் ரோலரை மைதான வாசலுக்கே விடாதீர்கள்.

மாரியில் ஆட்டம் வைக்கலாமா என்பதை முடிவு செய்யக் குதிக்கால் போதும். ஆறேழு இடங்களில் குதிக்காலால் அழுத்திப் பாருங்கள். தடத்தில் தண்ணீர் ஊறினால் அன்றைக்குப் பந்து வேண்டாம். ஊறிய மண்ணில் துகள்கள் வழுக்கி நெருங்கி, காற்றுக்கும் வேருக்கும் இருந்த இடைவெளி அடைபடும். அதைத் திரும்பத் திறக்க ஒரு கோடை முழுவதும் பாடுபட வேண்டியிருக்கும்.

தினமும் மத்தியானம் 2 அங்குல மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் அடிக்கிறோம். ஆனாலும் ஆடி மாதத்தில் புல் மஞ்சளாகி, நிலத்தில் வெள்ளைத் தூள் பூக்கிறது. பசளை போட்டால் சரிவருமா?
– உடற்கல்வி ஆசிரியர், கல்முனை

பசளை போடாதீர்கள். அந்த வெள்ளைத் தூள் உப்பு. பசளையும் ஒரு உப்புத்தான். வேர் ஏற்கெனவே தண்ணீரை இழுக்க முடியாமல் தவிக்கும்போது அது சுமையைக் கூட்டும்.

கடலுக்கும் உள்நீருக்கும் இடையிலுள்ள மணல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் அதே கணக்கில் ஏறப் பார்க்கும். பெரிய மோட்டாரால் ஒரே கிணற்றை மணிக்கணக்காக இழுக்கும்போது நடப்பது இதுதான். சிறிய மோட்டாரால், இரண்டு மூன்று கிணறுகளில் மாறி மாறி, ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டு இறையுங்கள். மாரிக்குப் பிறகு ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும் தண்ணீரின் உப்பளவை, மின்கடத்தலைக் கொண்டு காட்டும் ஈ.சி. மீற்றரால் அளந்து பாருங்கள். 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் எந்தப் புல்லுக்கும் பயமில்லை. 3000ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் புல் மட்டுமே நிற்கும். அகன்ற இலையுள்ள மலேசியன் புல் முதலில் போகும். அறுகு நின்று பிடிக்கும்.

அடுத்த பிழை நேரம். கச்சான் வீசும் மத்தியானத்தில் தெளிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு காற்றோடு போகும். மிஞ்சுவது மேலே அரை அங்குலத்தை நனைத்து, ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். தினமும் கொஞ்சம் என்பதை விட்டு, வாரத்தில் 2 நாள், காற்று அடங்கிய அதிகாலையில் ஒவ்வொரு தடவையும் 12 மில்லிமீற்றர் விடுங்கள். அளவைப் பார்க்கத் தெளிப்பானைச் சுற்றி ஐந்தாறு வெற்று மீன் ரின்களை வைத்து, அவற்றில் சேர்வதை அடிமட்டத்தால் அளக்கலாம். ரின்னுக்கு ரின் அளவு பெரிதாக வேறுபட்டால் தெளிப்பானின் இடத்தை மாற்றவேண்டும். மாதம் ஒருமுறை, கிடைப்பதில் உப்புக் குறைந்த தண்ணீரை இரட்டிப்பாக விட்டால், சேர்ந்த உப்பு வேருக்குக் கீழே கழுவப்படும்.

முழு மைதானமும் ஏறக்குறைய 7000 சதுர மீற்றர். 12 மில்லிமீற்றர் என்றால் 84,000 லீற்றர். அவ்வளவு தண்ணீர் இல்லாத பாடசாலை எல்லாவற்றையும் அரைகுறையாக நனைப்பதில் பயனில்லை. இரண்டு கோல் வாசலையும் மட்டும், 20 மீற்றருக்கு 10 மீற்றர் வீதம் காப்பாற்றுங்கள். 400 சதுர மீற்றருக்கு 4800 லீற்றர், ஒரு சிறிய பவுசர். மற்ற இடத்து அறுகு காய்ந்தது போலத் தெரிந்தாலும் அதன் தண்டு நிலத்துக்குள் உயிரோடு இருக்கும். மழை விழுந்தால் எழும்பிவிடும். காய்ந்து நிற்கும் புல்லின் மேல் வாகனம் மட்டும் ஓட விடாதீர்கள்.

தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக 200 மீற்றர் ஓடுபாதை போடுகிறோம். சுண்ணாம்புக் கோடு மழையில் போய்விடுகிறது. கராஜில் கிடைக்கும் கழிவு எண்ணெயை ஊற்றினால் நிற்கும் என்கிறார்கள். அளவுகளையும் தெரிவிக்கவும்.
– ஆசிரியை ஒருவர், ஆரையம்பதி

கழிவு எண்ணெய் நிற்கும் என்பது உண்மை. வருடக்கணக்காக நிற்கும். அந்தக் கோட்டில் புல் முளைக்காது, மண் அரித்து வாய்க்காலாகும், மணல் நிலத்தில் எண்ணெய் இறங்கி உங்கள் பாடசாலைக் கிணற்றுக்கே வரும். தயவுசெய்து வேண்டாம். நீற்றுச் சுண்ணாம்பும் பிள்ளைகளுக்கு நல்லதல்ல; விழுந்து எழும்பும் பிள்ளையின் ஈரத் தோலையும் கண்ணையும் அது சுடும். 1 லீற்றர் வெள்ளை இமல்ஷன் பெயின்ற்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் கலந்து, புல்லைக் குட்டையாக வெட்டியபின், காய்ந்த நாளில் அடியுங்கள். ஓரிரு மணித்தியாலம் காய்ந்துவிட்டால் சிறு தூறலுக்குப் போகாது.

அளவு: நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 40 மீற்றர். அரைவட்டத்தின் ஆரை 18.90 மீற்றர். முதலாம் பாதையில் ஓடும் தூரம் கோட்டில் இருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே அளக்கப்படுவதால், வட்டப் பகுதிக்கு 19.10 என்று கணக்கிட வேண்டும். இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 120 மீற்றர், நேர்ப்பகுதிகள் 80, மொத்தம் 200. உள்கோட்டின் 5 சென்ரிமீற்றர் தடிப்பை ஆரைக்கு உள்பக்கமாக அடியுங்கள். வெளிப்பக்கம் அடித்தால் ஓடும் தூரம் கூடிவிடும். பாதை அகலம் 1.22 மீற்றர். 6 பாதைக்கு மைதானத்தில் 92.5 மீற்றர் நீளமும் 52.5 மீற்றர் அகலமும், அதற்கு வெளியே பாதுகாப்பு இடமும் வேண்டும். 200 மீற்றர் ஓட்டம் முழுச் சுற்று என்பதால், ஒவ்வொரு பாதையின் தொடக்கக் கோடும் உள்பாதையினதை விட 7.67 மீற்றர் முன்னே வரும்.

வளைவு பிழைப்பது பெரும்பாலும் கயிற்றால். தும்புக் கயிறு இழுத்தால் நீளும், பனியில் நனைந்தால் சுருங்கும். காலையில் போட்ட வளைவும் மத்தியானம் போட்ட வளைவும் ஒத்துவராது. உருக்கு அளவுநாடா பாவியுங்கள். அரைவட்ட மையங்கள் இரண்டிலும் ஒவ்வோர் இரும்புக் குழாயை நில மட்டத்துக்கு 3 அங்குலம் கீழே நிரந்தரமாகப் புதைத்து, சுவரில் இருந்து அதன் தூரத்தைப் பாடசாலைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் பாதி வேலை மிச்சம்.

மாரியில் கட்டாக்காலி மாடுகள் மைதானத்தில் படுக்கின்றன. புல் மேய்வது நல்லதுதானே என்கிறார்கள் சிலர்.
– வாழைச்சேனை

காய்ந்த காலத்தில் மேய்ந்தால் பெரிய கெடுதி இல்லை. ஊறிய நிலத்தில் மாட்டின் குளம்பு 3, 4 அங்குலம் இறங்கும். அந்தக் குழி மாசியில் கல்லாய்க் காய்ந்து, ஓடும் பிள்ளையின் கணுக்காலை முறிக்கும். சாணத்தோடு களை விதையும் வரும். ஐப்பசி முதல் தை வரை வேலியைச் சரிபார்த்து, படலையை மூடி வையுங்கள். விழுந்த குழிகளை மண் ஈரமாக இருக்கும்போதே மணல் போட்டு நிரப்புங்கள். காய்ந்தபின் நிரப்பும் மணல் அதில் ஒட்டாது.

கிரவல் தளத்தின் மேல் கயிற்றுப்பாய் விரித்துக் கிரிக்கெட் ஆடுகிறோம். ஒரே இடத்தில் பந்து ஒருமுறை முழங்காலுக்கும் ஒருமுறை மூக்குக்கும் வருகிறது. களி பிட்ச் போடுவது நல்லதா?
– இளைஞர் கழகம், அக்கரைப்பற்று

பாயைச் சுருட்டிவிட்டு, 3 மீற்றர் நேரான மட்டப்பலகை ஒன்றைத் தளத்தின் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். பலகைக்கும் தளத்துக்கும் இடையே 5 மில்லிமீற்றருக்கு மேல் வெளிச்சம் தெரியும் இடங்கள்தான் உங்கள் நோய். அந்தப் பள்ளத்தில் அப்படியே மண் அப்பினால் இரண்டு நாளில் அப்பம் போல உரிந்து வரும். பழைய தளத்தை 1 அங்குலம் கீறி, நனைத்து, கால் அங்குல வலையில் அரித்த கிரவலை மெல்லிய படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்குங்கள். பிறகு ஈரச்சாக்கால் மூடி 3 நாள் மெதுவாகக் காயவிடுங்கள். வெயிலில் சட்டெனக் காய்ந்தால் வெடிக்கும். பாயை நான்கு பக்கமும் இழுத்து ஆணி அடிப்பதும் முக்கியம். தொய்வான பாயில் நல்ல தளமும் பொய் சொல்லும்.

மாரிக்கு முன் பாயை 2 நாள் வெயிலில் போட்டு, மணலைத் தட்டி, மடிக்காமல் குழாயொன்றில் சுற்றி, நிலத்தில் இருந்து 2 அடி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் கிடந்தால் கறையானுக்குத்தான் விருந்து.

களி பிட்ச் என்றால், இலங்கையில் அதற்குப் பெயர்போனது மன்னார் முருங்கன் களி. 20.12 மீற்றருக்கு 3.05 மீற்றர், 10 சென்ரிமீற்றர் தடிப்பு என்று பார்த்தால் 6 கன மீற்றருக்கு மேல். இறுகும் அளவையும் சேர்த்து 3 கியூப் எடுக்கவேண்டும். களி கிடைப்பதை விட ஆள் கிடைப்பது கடினம். தினமும் தண்ணீரும் உருளையும் மூடுபடங்கும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத கழகம் பாயோடு இருப்பதே எங்கள் கருத்து. வயல் மண்ணை நம்பிப் பிட்ச் போடவே வேண்டாம்.

பூங்காவின் பழைய மாரா மரங்களும் வேம்புகளும் ஊஞ்சல்களுக்கு மேலே கிளை விட்டிருக்கின்றன. மழைக்கு முன் மொட்டையாக வெட்டிவிடலாமா?
– பூங்காப் பொறுப்பாளர், மட்டக்களப்பு

1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊரில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் மொட்டையடிப்பது பயத்தைக் கூட்டும் வேலை. வெட்டுவாயில் இருந்து கொத்தாக எழும்பும் புதுக் கிளைகள் மரத்தின் உள்ளிருந்து வராமல் மேல்பட்டையில் ஒட்டி நிற்பவை. நாலைந்து வருடத்தில் அவை கனத்து, காற்றில் பிய்ந்து விழும். உள்ளே உக்கலும் இறங்கியிருக்கும்.

புரட்டாசிக்குள் பட்ட கிளை, உரசும் கிளை, வெடித்த கவட்டுக் கிளை இவற்றை மட்டும் எடுங்கள். பாரமான கிளையை ஒரே வெட்டில் வெட்டினால் அது விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிமரத்தில் இருந்து 1 அடி தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்கு 2 அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, கிளை தொடங்கும் இடத்திலுள்ள வீங்கிய வளையத்துக்கு வெளியே அறுக்கவேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடும். தார், பெயின்ற், சீமெந்து எதுவும் பூசவேண்டாம். மின்கம்பிக்குக் கிட்டவுள்ள கிளை மின்சார சபையின் வேலை. உங்கள் ஆளை ஏற்றாதீர்கள்.

அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் வேரின் பிடி விட்டுப்போய்விட்டது. உடனே ஊஞ்சலை வேறு இடத்துக்கு மாற்றி, மரத்தை முறைப்படி அகற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

கடற்கரைச் சிறுவர் பூங்காவின் ஊஞ்சல் பெயின்ற் அடித்த ஒரு வருடத்தில் துருப்பிடிக்கிறது.
– திருக்கோவில்

மேலே தெரியும் துரு அல்ல, நிலத்தோடு குழாய் சேரும் இடத்துத் துருதான் ஆபத்து. அங்கே மணலை 6 அங்குலம் விலக்கி, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்னும். அரித்த குழாய் மந்தமாக ஒலிக்கும், சில வேளை சுத்தியலே உள்ளே போகும். சங்கிலிக் கண்ணிகள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் தடிப்புப் பாதியாகும் வரை காத்திராமல் மாற்றுங்கள். துருவின் மேல் பெயின்ற் அடித்தால் அது உள்ளேயே தின்னும். கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காயவைத்து, துருத்தடுப்பு அடிப்பூச்சுப் போட்ட பிறகே நிறம். ஊஞ்சலின் கீழ் 30 சென்ரிமீற்றர் தளர்ந்த மணல் இருக்கவேண்டும். இறுகியிருந்தால் கிளறுங்கள். டயர் ஊஞ்சலின் அடியில் துளை போட மறக்கவேண்டாம். மாரியில் அதில் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும்.

அறுகு நட எந்த மாதம் நல்லது? யூரியா எவ்வளவு போடலாம்?
– செங்கலடி

தண்ணீர் வசதி இருந்தால் மாசி. மண் ஈரமாகவும் வெயில் நன்றாகவும் இருக்கும், வெள்ளம் அள்ளாது. வசதி இல்லையென்றால் ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். கார்த்திகை அடைமழைக்குள் வேர் பிடித்துவிட வேண்டும், பிந்தி நட்டால் மிதந்து போகும். இரண்டு மூன்று கணு உள்ள, விரல் நீளத் தண்டுகளை 15 சென்ரிமீற்றர் இடைவெளியில், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக நட்டு, காலால் மிதியுங்கள். 8 முதல் 10 வாரம் யாரும் விளையாடக் கூடாது. வெட்டும்போது ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

யூரியா சதுர மீற்றருக்கு 5 கிராம், முழு மைதானத்துக்கு 35 கிலோ. மணலில் அதற்கு மேல் போட்டால் கிணற்றுக்குத்தான் போகும். காய்ந்த இலையில் தூவி, அன்றே தண்ணீர் விடுங்கள். அடைமழைக்கு முன்னும் கடும் கோடையிலும் போடவேண்டாம்.

நெருஞ்சி முள்ளால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட முடியவில்லை.
– பொத்துவில்

மாரி முடிந்து மஞ்சள் பூ தெரிந்தவுடன் பிடுங்கவேண்டும், காய் பச்சையாக இருக்கும்போதாவது. ஒரே ஆணிவேர் என்பதால் ஈர மண்ணில் இலேசாக வரும். பிடுங்கியதை மைதான மூலையில் குவிக்காமல் எரித்துவிடுங்கள், பிடுங்கியபின்னும் காய் முற்றும். ஏற்கெனவே உதிர்ந்த முள்ளுக்கு, பழைய சாக்கை நனைத்து, ஒரு தடியில் கட்டி, மேலே சிறிது மணல் பாரம் வைத்து, மைதானம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். சாக்கின் அடியில் முட்கள் அப்பிக்கொண்டு வரும். சாக்கு நிறைந்ததும் அதையும் எரியுங்கள். விதை சில வருடம் மண்ணில் உறங்கும் என்பதால், மூன்று நான்கு மாசி மாதங்கள் தொடர்ந்து இதைச் செய்யவேண்டும்.